விருதுபட்டியும் மகமையும்

ஓர் ஊரின் பெருமையை ஆராயப் புகுவோர் அதன் கோபுரத்தையும், கோட்டையையும், ஆண்ட மன்னர் பெயரையுமே முதலில் தேடுவர். விருதுநகரில் அவ்விதம் தேடுவார்க்குக் கிடைப்பது சொற்பமே. வற்றாத நதி ஒன்றும் அதற்கு வாய்க்கவில்லை. அருகிலுள்ள கௌசிகா நதியோ மழை பெய்தால் நதி, மழை ஓய்ந்தால் மணல். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. விருதுபட்டி என்னும் பெயரோடு கிடந்த அச்சிற்றூர், இருபதாம் நூற்றாண்டின் முதற் கால் பகுதிக்குள் தென்பாண்டி நாட்டு வியாபார ஸ்தலங்களுள் முன்வரிசையில் வந்து நின்றது. பள்ளிக்கூடமும் நகரசபையும் புதுப்பெயரும் தேடிக்கொண்டது. இஃது எங்ஙனம் நேர்ந்தது?

‘நம் முன்னோரின் உழைப்பால் நேர்ந்தது’ என்று விடை கூறுதல் எளிது. அவ்விடை பொய்யன்று, ஆயின் அது போதாது. உழைத்த ஜாதிகள் பல. உழைத்தும் ஊர் அமையாது போன இடங்களும் பல. உழைப்பினால் வந்த பொருளில் ஒரு சிறு கூறு, தனி மனிதன் கைக்குச் செல்லுமுன் பொதுவுக்கென்று பிரிந்து நின்றமையே விருதுபட்டியை வளர்த்தது. அக்கூற்றுக்கு மகமை என்று பெயர். அம்மகமை எவ்வாறு தோன்றிற்று, எவற்றைச் செய்தது, உண்மையில் அது யாருடைய பணம் என்னும் மூன்றையும் நம் சங்கத்து அன்பர்கள் முன் வைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பேட்டையும் மகமையும்

1801ஆம் ஆண்டில் பாளையக்காரர் போர் ஓய்ந்து கும்பினியார் ஆட்சி நிலைபெற்றபின், நம் முன்னோருட் பலர் திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காடுகளினின்று வடக்கு நோக்கி வியாபாரத்திற்குப் புறப்பட்டனர். கருப்புக்கட்டி, உப்பு, கருவாடு, புகையிலை ஆகிய சரக்குகளைப் பொதிமாடுகளின் முதுகிலும் வண்டிகளிலும் ஏற்றிக் கரிசற்காட்டைக் கடந்து சென்றனர். வழியோ நீண்டது, இரவோ அச்சம் தருவது. வழிப்பறிக்கு அஞ்சி, வண்டிகளை ஒருங்கே அவிழ்த்துப்போட்டுத் தங்குவதற்குச் சுற்றுச்சுவர் எடுத்த இடங்களை அமைத்துக்கொண்டனர். அவையே பேட்டைகள். மாட்டுக்குத் தண்ணீர், சரக்குக்குக் கூரை, மனிதனுக்கு அச்சமற்ற உறக்கம் ஆகிய மூன்றும் அங்கே கிடைத்தன. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் இவ்விதம் நம்மவர் வியாபாரம் வேரூன்றிய இடங்கள்.

பேட்டை ஒன்றிருந்தால் அதற்குக் காவல் வேண்டும். கிணறு தூர்ந்தால் வெட்ட வேண்டும். சுவர் இடிந்தால் கட்ட வேண்டும். இவற்றைச் செய்ய அக்காலத்தில் சர்க்கார் முன்வரவில்லை. தனிச் செல்வர் ஒருவரும் முழுவதும் ஏற்க இயலவில்லை. ஆகவே வந்திறங்கும் சரக்கின்மீது ஒரு சிறு தொகையை எல்லோரும் கொடுப்பதென்று ஏற்பாடாயிற்று. பொதுநன்மைக்கென எடுக்கும் அத்தொகையே மகமை. இவ்வழக்கம் நம்மவர்க்கே உரியது என்று கூறுதல் தகாது; நகரத்தார் முதலிய பிற வணிக குலத்தாரும் கோயிற் பணிக்கும் தர்மத்திற்கும் மகமை கொடுத்தவர்களே. நம்மவரிடத்து அது கோயிலோடு நில்லாமல் கிணறு, சாவடி, பள்ளிக்கூடம் என்று விரிந்து ஓர் ஊரையே நடத்தும் நிதியாக ஆயிற்று என்பதே விசேஷம்.

அதனை நிர்வகித்தது உறவின்முறை. குடும்பத் தலைவர்கள் கூடியமர்ந்து, வழக்குத் தீர்ப்பதும், வரவு செலவு பார்ப்பதும், திருவிழா நடத்துவதும் அதன் வேலை. அதன் கட்டுப்பாடு சில வேளைகளில் கடுமையாகவும் இருந்தது. ஆயினும் கடையில் நாள்வழியும் பேரேடும் எழுதிப் பழகியவர்களே அங்கே பொதுப்பணத்துக்கும் கணக்கு எழுதினர். தன் கடையில் ஓர் அணா குறைந்தால் விளக்கெண்ணெய் எரித்துத் தேடுபவன், பொதுக் கணக்கிலும் ஐந்தொகை ஒத்துவராமல் எழுந்திருக்க மனங்கொள்ளான். நகரசபைச் சட்டம் வந்து ஊராட்சியைக் கற்பிக்குமுன்னரே, விருதுபட்டியார் அதனைக் கடைத்திண்ணையில் கற்றுக்கொண்டனர் என்று கூறுவது மிகையன்று.

மகமையின் வலிமை அதன் சிறுமையில் உள்ளது. உதாரணத்திற்காக ஒரு மூட்டைக்குக் காலணா என்று வைத்துக்கொள்வோம். அதனைக் கொடுப்பவன் அறியவும் மாட்டான். வருஷத்திற்கு 1,000 மூட்டை விற்கும் ஒரு கடையில் அது 15 ரூபாய் 10 அணாவாகும். அத்தகைய கடைகள் 100 இருப்பின் 1,562 ரூபாய் 8 அணா சேரும். நன்கொடை கேட்டு வீடு வீடாய் அலைந்தால் கிடைப்பது கொடுப்பவன் மனநிலையைப் பொறுத்தது. மகமையோ வியாபாரம் நடக்குமளவும் தானே வந்துசேர்வது. தர்மத்தை மனத்தின் இரக்கத்திற்கு மட்டும் விட்டுவிடாமல், கணக்கின் ஒழுங்கிற்கு உட்படுத்தியதே நம் முன்னோர் கண்ட உபாயம்.

புகைவண்டியும் மண்டியும்

1876இல் தென்னிந்திய ரயில்வேயின் பாதை மதுரையினின்று தூத்துக்குடி சென்று முடிந்தது. விருதுபட்டி அப்பாதையில் ஒரு நிலையமாயிற்று. பொதிமாட்டின் காலம் முடிந்தது. ஆயின் பேட்டைக்காரரின் காலம் முடியவில்லை. கரிசற்காட்டுப் பருத்தியும், மிளகாய் வற்றலும், மல்லியும், எள்ளும், மலைநாட்டு ஏலமும் அங்கே வந்து குவிந்தன. பருத்தி பஞ்சாகிச் சிப்பமாகித் தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் சென்றது. விருதுபட்டியினின்று தென்காசிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1927ஆம் ஆண்டிலேதான். அதுகாறும் சிவகாசியாருக்கும் புகைவண்டி வேண்டுமாயின் வேற்றூர் நிலையத்திற்கு வண்டி கட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. இவ்வாறு ஐம்பது ஆண்டுகள் அச்சிற்றூர் ஒரு பெரும் பிரதேசத்திற்கு வாயிலாக இருந்தது.

கமிஷன் மண்டி என்பது சரக்கை வாங்கி விற்கும் இடம் மட்டுமன்று. விதைப்புக் காலத்தில் சம்சாரிக்கு முன்பணம் கொடுப்பது, அறுவடையில் அவன் சரக்கை எடைபோட்டு விற்றுத் தருவது, தரகு கழித்து மீதியை எண்ணிக் கொடுப்பது ஆகிய யாவும் மண்டிக்காரர் வேலை. தராசு முள் நேரே நிற்கும்வரையே அவ்வியாபாரம் நிற்கும். ஊரிலுள்ள சிறுவர் உறவினர் கடையில் சேர்ந்து, முதலில் கடை பெருக்கி, பின்னர் எடை போட்டு, அதன்பின் சிட்டை எழுதி, இறுதியில் தனிக்கடை வைப்பர். அவனுக்கு முதல் கொடுப்போர் அவன் எழுத்தை நம்பிக் கொடுப்பர். நாணயம் என்னும் ஒரே சொல் காசுக்கும் ஒழுக்கத்திற்கும் பொதுவாக நிற்பதன் பொருள் அக்கடைத்தெருவில் நன்கு விளங்கும்.

அடைத்த கதவும் திறந்த பள்ளியும்

பொருள் வந்தது, ஆயின் மதிப்பு வரவில்லை. எல்லாச் சரக்கையும் விற்கத் தெரிந்தவர் கோயில் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்த காலம் அது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்தில் நம்மவர் பிரவேசித்தமை வழக்காயிற்று. அவ்வழக்கு நீதிமன்றம் பல ஏறி லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1908இல் நம்மவர்க்கு விரோதமாகவே முடிந்தது. இதற்கிடையே 1899ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி சிவகாசி தாக்கப்பட்டு, வீடுகள் எரிந்தன, உயிர்களும் போயின. அக்காலத்துப் பகைமையை மீண்டும் கிளறுதல் எம் நோக்கமன்று. அன்று எதிர்நின்றோரின் பேரப்பிள்ளைகளும் நம் பேரப்பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் காரணத்தை மறைத்துக் காரியத்தை மட்டும் கூறுதல் சரித்திரமாகாது.

அடைத்த கதவின் முன் நின்றவர்கள் என் செய்தனர்? வழக்காடினர், அதனோடு நில்லாது பள்ளிக்கூடமும் கட்டினர். அருப்புக்கோட்டையில் 1885இல் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது. விருதுபட்டியில் 1889இல் அதே பெயருடைய வித்தியாசாலை தோன்றியது. சம்பளம் கொடுத்துப் படிக்க இயலாத பிள்ளைகளும் அங்கே படிக்கலாயினர். அதனை நடத்த மகமையோடு மற்றொரு நிதியும் சேர்ந்தது. அதற்குப் பிடி அரிசி என்று பெயர். வீட்டில் உலை வைக்குமுன் தாய்மார் ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு பானையில் இட்டு வைப்பர். அவ்வரிசி பள்ளிக்கென்று சேகரிக்கப்படும்.

இங்கு நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். நம் ஸ்தாபனங்களின் சுவர்களில் சலவைக்கல் பதித்து, உபகாரிகளின் பெயரும் தொகையும் பொறித்திருக்கின்றோம். அது தகுதியே. ஆனால் அக்கற்களில் பிடி அரிசி இட்ட கைகளின் பெயர் உண்டோ? குழந்தைக்குப் போதுமோ போதாதோ என்று அளந்து சமைத்த வீடுகளிலும் அப்பிடி எடுத்துவைக்கப்பட்டது. பேரேட்டில் இடம் பெறாத அவ்வரவை விலக்கி நாம் ஐந்தொகை கூட்டினால், அக்கணக்கு ஒத்துவராது.

அவ்வித்தியாசாலையில் படித்த பிள்ளைகளுள் ஒருவர், 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி அவ்வூரில் பிறந்த காமராஜர். இளமையிலேயே தந்தையை இழந்து, படிப்பைப் பாதியில் நிறுத்தி, மாமன் ஜவுளிக்கடையில் வேலைக்கு அமர்ந்தவர் அவர். அவரே 1954இல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சரானார். அவர் ஆட்சியில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. ஊரார் ஒரு பங்கும் சர்க்கார் ஒரு பங்குமாகச் சேர்ந்து பிள்ளைகளுக்குச் சோறிட்ட ஏற்பாடு அது. பிடி அரிசியினின்றே இது பிறந்தது என்று சாதிக்க யாம் முற்படவில்லை. எனினும் ஊரார் அரிசியில் நடந்த பள்ளியில் படித்தவர்க்கு, ஊரார் சேர்ந்தால் பள்ளிப்பிள்ளை பசியாறும் என்பதைப் பிறர் போதிக்க வேண்டியிருந்திராது.

சங்கமும், வங்கியும், நகரமும்

ஊர் அளவில் கற்ற பாடம் நாட்டளவில் விரிந்தது. 1910இல் பொறையாறு ரத்தினசாமி நாடாரவர்கள் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. அதே ஆண்டில், மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைக் கொண்டு இராமநாதபுரம் ஜில்லா புதிதாக ஏற்பட, விருதுபட்டியும் அதனுட் சேர்ந்தது. 1921ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் தேதி நாடார் பாங்கி பதிவாகி, அவ்வாண்டு நவம்பரில் தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. கைமாற்றும் உண்டியலும் அறிந்திருந்த வணிகர்க்கு, முன்பின் அறியாதவர் பணத்தையும் பொறுப்பேற்றுக் காக்கும் ஸ்தாபனம் ஒன்று வாய்த்தது. அப்பாங்கி 1962இல் தன் பெயரைத் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கி என்று மாற்றிக்கொண்டது. ஒரு ஜாதியின் பெயரால் தொடங்கியது, நாட்டின் பெயரைத் தாங்கியமை நாம் கருதத்தக்கது.

அண்டையிலுள்ள சிவகாசியும் வாளா இருக்கவில்லை. 1922இல் சர்க்கார் அயல்நாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரியை 144 பெட்டி கொண்ட குரோசு ஒன்றுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தினர். உள்நாட்டுத் தீப்பெட்டிக்கு அதனால் வழி பிறந்தது. அவ்வாண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்று மீண்டு, 1923இல் சிவகாசியில் தொடங்கினர். மழை பொய்க்கும் நாட்டில், வறண்ட காற்றையே தொழிலுக்குத் துணையாக்கிக்கொண்ட சாமர்த்தியம் அது.

விருதுபட்டியிலோ, முதல் மகாயுத்தம் நடந்த ஆண்டுகளில் நகரசபை ஏற்பட்டிருந்தது. 1923இல் விருதுபட்டி என்னும் பெயர் விருதுநகர் என மாறிற்று. பட்டி நகரமானது பெயரளவில் மட்டுமன்று. சாக்கடை, விளக்கு, தண்ணீர், தெரு ஆகியவற்றைப் பற்றிச் சபையில் வாதாடி, அடுத்த நாள் ஒரே கடைத்தெருவில் எதிரெதிரே அமர்ந்து வியாபாரம் செய்யும் பக்குவம் அவ்வூரார்க்கு வந்தது. கதர் உடுத்திக் காங்கிரஸில் நின்றாரும் அவ்வூரிலேயே இருந்தனர். சுயமரியாதை இயக்கத்தில் நின்றாரும் அவ்வூரிலேயே இருந்தனர். 1931இல் ஆர். கே. சண்முகம் செட்டியாரவர்கள் தலைமையில் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்ததும் விருதுநகரிலேதான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரு கட்சியில் நிற்பினும், மகமை ஒரே பெட்டியில் விழுந்தது.

பதவி பற்றியும் அந்நகரசபை நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1941இல், தனிநபர் சத்தியாக்கிரகத்தினால் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே காமராஜர் விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்தவர் ஒரு கூட்டத்திற்குத் தலைமை வகித்துவிட்டு, முழுப் பொறுப்போடு செய்ய இயலாத பதவியை வைத்துக்கொள்ளலாகாது என்று அதனை விட்டு விலகினார். பொதுப்பணத்தில் ஓர் அணா தவறினால் குற்றமென்று அறிந்த ஊரில், பொதுப்பதவியைச் செய்யாமல் வகிப்பதும் அத்தகைய குற்றமே என்று அவர் காட்டினார்.

மகமை யாருடைய பணம்?

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மகமை யாருடைய பணம்? ‘நாம் கொடுத்தது, ஆகவே நம்முடையது’ என்பார் உளர். வியாபாரம் அறிந்தோர் சற்று ஆழ்ந்து நோக்குக. மூட்டைக்குக் காலணா என்று மண்டியில் எழுதுகையில், அக்காலணா எங்கிருந்து வந்தது? ஒன்று, விற்ற சம்சாரியின் கிரயத்தினின்று குறைந்திருக்கும். அன்றேல், வாங்கியவன் கொடுத்த விலையில் கூடியிருக்கும். எஞ்சியது வணிகன் லாபத்தினின்று போயிருக்கும். ஆகவே, கரிசற்காட்டில் பருத்தி எடுத்த பெண்ணும், மிளகாய் காயவைத்த கூலியாளும், சிப்பம் தூக்கிய சுமைகாரரும், அவர் எக்குலத்தவராயினும், நம் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு செங்கல் வைத்தவர்களே. வணிகன் அதனைச் சேர்த்தான், காத்தான், கணக்கெழுதினான், நற்காரியத்தில் செலவிட்டான். அது பெரும் புகழே. ஆயின் அது தர்மகர்த்தாவின் புகழ், சொந்தக்காரனின் புகழன்று.

இதனை நம் முன்னோரிற் சிறந்தவர்கள் அறிந்திருந்தனர். அருப்புக்கோட்டை வித்தியாசாலையின் வாயில் பிற குலத்துப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது. பட்டிவீரன்பட்டி ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனாரவர்கள் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த காலத்தில், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் மோட்டார் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். தெருவிலும் கோயிலிலும் தாம் பட்ட இழிவைத் தமக்குக் கீழே வைக்கப்பட்டவர் படலாகாது என்று எண்ணியதே அவர் பெருமை. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாதையரவர்கள் அழைத்துச் சென்ற குழுவில் ஆதிதிராவிடரும் நாடாரும் ஒருங்கே நுழைந்தனர். ஒரு கதவு திறந்தால் அது இருவர்க்குமே திறக்கும் என்பதற்கு அந்நாள் சாட்சி.

1947இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி எழுந்தது. விருதுநகர் 1985 முதல் தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. மாட்டு வண்டி நின்ற பேட்டையினின்று கல்லூரிவரை வந்த வழி நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அவ்வழி முழுவதும் காலணாக்களால் பரவப்பட்டது.

அன்பர்காள்! முன்னோர் பெருமை பேசுதல் எளிது. அவர் கணக்கைத் தொடர்ந்து எழுதுதல் அரிது. நம் வீட்டுப் பிள்ளைகளுள் பலர் இன்று கடையில் அமர்வதில்லை. தூர தேசங்களில் உத்தியோகம் பார்க்கின்றனர். அவர்களிடம் மூட்டை இல்லை. ஆகவே மூட்டைக்கு மகமையும் இல்லை. ஆனால் மாதச் சம்பளம் உண்டு. அதில் ஒரு சிறு கூறு, கைக்கு வருமுன் பிரிந்து நிற்குமாயின், பெயர் எதுவாயினும் அது மகமையே. அவ்விதம் சேர்வதற்கு வருஷந்தோறும் சபை நடுவே கணக்குப் படிக்கப்படுமாயின், அஃதே உறவின்முறை. அதனால் நடக்கும் பள்ளியின் வாயிலில் நின்று ‘நீ யார்?’ என்று ஒரு பிள்ளையையும் கேளாதிருப்போமாயின், பிடி அரிசி இட்ட தாய்மார்க்கும், பருத்தி எடுத்த பெண்களுக்கும் நாம் பட்ட கடன் ஒருவாறு தீரும். அக்கடன் நம் பேரேட்டில் இன்னும் பற்றில் நிற்கிறது என்பதை மறவாதிருப்போமாக.